ஆறு முறை திறந்த மூடி

ராஜபாளையத்தின் ஈடு இணையற்ற விஞ்ஞானி என்று பெற்ற பிள்ளையாலேயே பட்டம் கட்டப்பட்டு, அந்தப் பட்டத்தின் கனம் தாங்காமல் ஒரு வாரமாகக் கழுத்துவலியோடு திரிகிற உன் அப்பன் எழுதுவது.

நீ தட்டச்சு செய்து அனுப்பிய நன்றிப் பக்கம் வந்து சேர்ந்தது. உன் ஆய்வேட்டின் முதல் தாளாக அது அச்சாகப் போகிறது, பிழை ஏதும் இருந்தால் பத்து நாளைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. உன் அம்மா அதைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தாள். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீதிப் பேர் உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஆனால் அதில் ஒரு பிழை இருக்கிறது. ‘நான் பள்ளியில் படிக்கும்போதே என் தந்தை எங்கள் ஊர் வெளுப்புப் பட்டறை ஒன்றில் பருத்தித் துணியின் மேல் பாலிமரை ஒட்டு வைத்துப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்த தொழிலாளி பாதி வழியிலேயே வேறு தண்ணீரை நிரப்பி வந்ததால் அது கெட்டது’ என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? அந்த இரண்டாவது வாக்கியம் பொய். நீ சொன்ன பொய் இல்லை. நான் சொல்லி, நீ பதினோரு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த பொய். அதை அச்சில் ஏற்றிவிடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உறையை ஒட்டாமல் அனுப்புகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, உன் புனா விடுதியில் யார் பிரித்துப் படித்தாலும் சரி.

உன் அப்பனுடைய வாயைப் பற்றி உனக்குத் தெரியும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நான் மாமா. சாயங்காலமானால் கதை கேட்க வந்து உட்காருவார்கள். எங்கள் வீட்டுச் சப்பட்டை மாம்பழம் ஒன்று காற்றில் விழுந்து உருண்டதில் தென்காசி பஸ் அரை மணி நேரம் நின்றது என்று சொல்லியிருக்கிறேன். பிளவக்கல் அணையில் நான் ஒருமுறை குளிக்க இறங்கியபோது மதகைத் திறக்காமலே தண்ணீர் வழிந்து கூமாப்பட்டி வயல் எல்லாம் பாய்ந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். “இவரு சொல்றதுல பத்துல ஒண்ண எடுத்துக்கிட்டு, அந்த ஒண்ணையும் ஒரு தடவ தட்டிப் பாத்துக்கிடணும்” என்று உன் அம்மா பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பாள். நீயும் சின்ன வயதிலேயே அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டாய். அணையை நம்பவில்லை, மாம்பழத்தை நம்பவில்லை. தண்ணீர் வண்டிக் கதை ஒன்றைத்தான் நம்பினாய். அது ஏன் என்று இந்த வாரம் முழுவதும் யோசித்தேன்.

நீ அப்போது பதினோராம் வகுப்பு. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் அந்தப் பட்டறையில் கெமிஸ்டாக இருந்தேன். கெமிஸ்ட் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பேண்டேஜ் துணி வெளுத்து வரும்போது அது போதிய வெள்ளையா, குளோரின் வாசனை போய்விட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். ஒரு பி.எஸ்ஸி. பட்டம் அதற்கே அதிகம். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பருத்தி நூலே ஒரு நீளமான சங்கிலிதான், அதன் உடம்பில் ஆங்காங்கே கண் திறந்து, அக்ரிலிக் அமிலத்தைக் கொண்டு வேறொரு சங்கிலியைக் கிளை கிளையாக முளைக்க வைக்கலாம், அப்படி முளைத்த துணி தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொட்டாமல் வைத்திருக்கும் என்று போட்டிருந்தது. முதலாளியிடம் போய் நின்றேன். “ஒட்டு மாங்கன்னு மாதிரிதான் முதலாளி” என்றேன். ஒட்டு மாங்கன்று காய்க்க மூன்று வருடமாகுமே, இது எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றேன். ஒரு முழம் துணி ஒரு கண்மாயைக் குடிக்கும் என்றும் சொன்னேன். அவர் பயந்துபோய்ப் பட்டறைக் கிணற்றுக்கு ஒரு மூடி போடச் சொன்னார்.

முதலில் ஓர் ஊறுகாய் ஜாடியில் மூடியை இறுக்கி வைத்துச் செய்து பார்த்தேன். அது நன்றாக வந்தது, இதைக் குறித்துக்கொள். தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருந்தால் கடைசியில் துணி சரியாக ஊதாது என்று கட்டுரை எச்சரித்திருந்ததால், மலையடிவாரத்து நல்ல தண்ணீராகத் தேடினேன். பட்டறைக்குத் தண்ணீர் டிராக்டர் ஓட்டிவந்த மாடசாமிக்குச் சொந்த ஊர் கூமாப்பட்டி. “எங்க ஊரு ஓடத் தண்ணிய விடவா சார்? கண்ணாடி மாதிரி இருக்கும்” என்று ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரில்தான் ஜாடி வேலை நடந்தது. துணியை எடுத்துச் சலவைச் சோடா கரைத்த நீரில் முக்கினால் இட்லி மாவு பொங்குவதுபோல் பொங்கி, கையில் எடுத்தால் நுங்கு மாதிரி ஆடியது. தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மாடசாமி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது துணியா, இல்லை ஏதாவது உயிரா என்று கேட்டார்.

அடுத்த வாரம் பெரிய எவர்சில்வர் தொட்டியில் செய்வது என்று ஏற்பாடாயிற்று. உள்ளே காற்று இருக்கக்கூடாது, காற்றை விரட்டிவிட்டு நைட்ரஜனை நிரப்ப வேண்டும் என்பதால் மதுரையிலிருந்து சிலிண்டர் வந்தது. தொட்டிக்கு ரப்பர் வாசர் வைத்து மூடி செய்யப்பட்டது. மாடசாமி விடிவதற்கு முன்பே கூமாப்பட்டி போய் டேங்கரை நிரப்பிக்கொண்டு வந்தார். இதெல்லாம் சரியாக நடந்தது. சரியில்லாமல் நடந்தது ஒன்றே ஒன்று: நான் ஊரை அழைத்திருந்தேன். நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சம்பந்தி வந்தால் சமையல் பக்கம் கூட்டிப்போய், அண்டா மூடியைத் தூக்கிக் காட்டி, எவ்வளவு சோறு வேகிறது பாருங்கள் என்று பெருமைப்படுவோமே, அந்தப் புத்தி. துணி உள்ளே போய், கிளை முளைப்பதைத் தொடங்கி வைக்கிற ஆரஞ்சு நிற சீரியம் உப்பையும் சேர்த்து, தொட்டி சூடேறியதும் முதலாளி சூடம் காட்ட வேண்டும் என்றார். மூடியைத் திறந்தேன். முதலாளியின் மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாப் பெட்டியோடு வந்தார். திறந்தேன். ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். திறந்தேன். எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார் ஒருவர் தள்ளாடிக்கொண்டு வந்தார். அவருக்குத் திறக்காமல் இருப்பேனா? பக்கத்துப் பட்டறைக்காரர் வந்தபோது அவர் வயிறு எரியட்டும் என்று செத்த நேரம் கூடுதலாகவே திறந்து வைத்தேன். ஆறாவது முறை யாரும் வரவில்லை. எனக்கே ஆசையாக இருந்தது, திறந்து பார்த்தேன்.

நாலாவது முறை திறந்தபோது மாடசாமி பக்கத்தில் வந்து தணிந்த குரலில், “சார், சோத்துப் பானையக்கூட இம்புட்டு தடவ தொறந்தா வேகாது. சிலிண்டர் காத்து பூராம் வெளிய போவுது, இரைச்சல் கேக்கலையா?” என்றார். “நீ தண்ணி கொண்டாந்தாச்சுல்ல, அதோட நில்லு. விஞ்ஞானம் எங்கிட்ட இருக்கட்டும்” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மணி நேரம் கழித்துத் துணியை எடுத்துச் சோடா நீரில் போட்டோம். நனைந்த துணி நனைந்த துணியாகவே கிடந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால்கோவா தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். என்னப்பா ஆச்சு என்று முதலாளி கேட்டார். “தண்ணி சரியில்ல, முதலாளி” என்றேன். அவ்வளவுதான். எங்கே பிடித்தாய் என்று மாடசாமியைக் கேட்டார். கூமாப்பட்டி ஓடையில் என்றார் மாடசாமி. “அம்புட்டுத் தூரம் போயிருக்க மாட்டான். பாதி வழியில, வன்னியம்பட்டி விலக்குப் பக்கம் ஏதாவது தோட்டத்துக் கிணத்துல பிடிச்சிருப்பான்” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மாடசாமி என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அந்த டிராக்டர் பட்டறைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு பட்டறைகளிலும் கூப்பிடவில்லை. ஊரில் அவருக்குப் ‘பாதிவழி’ என்று பேர் விழுந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது, “அந்த மனுசனா? அவிய அப்படிச் செய்யிறவுக இல்லையே” என்று உன் அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, கெட்ட தண்ணீரில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டாய். கால்சியம் என்றேன். நீ அதை நோட்டில் எழுதிக்கொண்டாய். நீ ரசாயனம் படிக்கப் போனதற்கு அந்தக் கால்சியம்தான் காரணம் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாய்.

போன ஆவணியில் நீ பத்துப் பக்கத்துக்கு உன் ஆராய்ச்சியை விளக்கி எழுதினாய். நான் கேட்டிருந்தேன், நீ எழுதினாய், தப்பு என் பேரில்தான். நீ செய்வதும் ஒட்டு வேலைதான் என்றாலும் என்னுடையதைப்போல் தேர்த் திருவிழாக் கூட்டம் இல்லை. என் தொட்டியில் கிளைகள் நினைத்தபோது முளைத்து, நினைத்த மட்டும் நீண்டு, ஒன்றோடொன்று முட்டிச் சாகும். உன் குடுவையில் எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே அளவில் வளர்கின்றன. வளரும் முனைக்கு ஒரு தொப்பி போட்டுத் தூங்க வைக்கிறாய். நொடிப்பொழுது எழுப்பி, ஒன்றிரண்டு கண்ணி சேர்த்துக்கொள்ள விட்டு, மறுபடியும் தூங்க வைக்கிறாய். எத்தனை கண்ணி வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். கைக்குழந்தைகள் ஆயிரம் பேரை ஒரே தாலாட்டில் தூங்க வைத்து எழுப்புகிற வேலை. நம் வீட்டில் நீ ஒருத்தனே எங்களை மூன்று வருடம் தூங்க விடவில்லை. அதற்கான பரிகாரம் போலும் என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வேலையைத் தொடங்கும் முன் குடுவையில் இருப்பதை உறைய வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்து, மூன்று தடவை அப்படிச் செய்கிறோம் என்று எழுதியிருந்தாய். ‘துளி ஆக்ஸிஜன் உள்ளே போனாலும் வளரும் முனை செத்துவிடும் அப்பா. நண்பன் ஒருவன் அவசரப்பட்டு ஒரு குடுவையைத் திறந்து பார்த்ததில் எங்களுக்கு ஆறு வார வேலை வீண். பழைய முறையோ புதிய முறையோ, இந்த வகை ஒட்டு வேலைக்குக் காற்றுதான் முதல் எதிரி.’ அதைப் படித்தபோது என் கையில் முறுக்கு இருந்தது. கடித்த முறுக்கை அப்படியே கீழே வைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது என்று இங்கே எழுதிவிடலாம். அழகாக இருக்கும், நீயும் நம்புவாய். ஆனால் நைட்ரஜன் சிலிண்டரை மதுரையிலிருந்து வரவழைத்தவனே நான்தான். கட்டுரையில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டவனும் நான்தான். ஜாடி வேலை அதே ஓடைத் தண்ணீரில் நன்றாக வந்ததும் எனக்குத் தெரியும். தண்ணீர் சரியில்லை என்று சொன்ன அந்த நொடியிலேயே எனக்கு முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசியைத் தெரியாமல் வைத்துக்கொள்வதற்குப் பதினோரு வருடம் சிரமப்பட்டிருக்கிறேன். நீ அதைப் பத்துப் பக்கத்தில் தட்டிவிட்டாய். அப்போதும் நான் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. ஆவணி போய், ஐப்பசி போய், உன் நன்றிப் பக்கம் வந்து நின்ற பிறகுதான் புறப்பட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கூமாப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். மாடசாமி ஒரு தென்னந்தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் நான் அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வேன், என் வயதுக்காரர் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. “வாங்க சார், என்ன இம்புட்டுத் தூரம்?” என்று இளநீர் சீவிக் கொடுத்தார். இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். தண்ணீர் நல்ல தண்ணீர், கெடுத்தது நான், மூடியைத் திறந்ததுதான் காரணம், அது எனக்கு அப்போதே தெரியும் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அழுவார் என்றும் ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

“எங்கிட்ட சொல்லி என்ன சார்? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே” என்றார். “கடைக்கு வந்து சொல்லுங்க.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் இடம் பேசி முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், “பாதிவழி வீட்டுப் பொண்ணா? அவளும் அப்பன் மாதிரி பாதி வழியில விட்டுட்டு வந்துட்டாள்னா?” என்று சபையில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். சிரித்துக்கொண்டே எழுந்து போனவர்கள் திரும்ப வரவில்லை. இப்போது வத்திராயிருப்பிலிருந்து ஓர் இடம் வந்திருக்கிறது. தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். பேச்சு நல்லபடியாகத்தான் போகிறது, ஆனால் அவர்கள் காதிலும் அந்தப் பேர் விழுந்துவிட்டது, பெண்ணின் அப்பாவைப் பற்றி ஊரில் விசாரிக்கிறார்கள் என்றார். விசாரிப்பது பஸ் நிறுத்தத்து டீக்கடையில். ஆகவே டீக்கடைக்குப் போனோம்.

அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். நான் நின்றுகொண்டு பேசினேன். மகனே, இங்கேதான் உன் அப்பன் செய்த காரியத்தைக் கவனி. பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆவேசம் வந்துவிட்டது. ஒரு நாளில் ஆயிரம் தடவை திறந்தேன் என்றேன். மூடி திறந்த வேகத்தில் ராஜபாளையத்து நைட்ரஜன் எல்லாம் மேற்கே போய் மலையில் முட்டி மழையாகப் பெய்தது என்றேன். என்னைவிடப் பெரிய மூடனை மூவேந்தரும் கண்டதில்லை என்று கையை விரித்துச் சொன்னேன். கடை குலுங்கச் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், “சாருக்கு அந்த வெளாட்டு இன்னும் போகல” என்றார். ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாடசாமி மக கல்யாணத்துக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கிடுதியளே, அந்த மனசு யாருக்கு வரும்?” என்று கண் கலங்கினார். இல்லை, நிஜம் என்றேன். நிஜம் என்று எத்தனை தடவை சொன்னேனோ அத்தனை தடவை நான் பெரிய மனிதனானேன். மாடசாமி மேலும் மேலும் பாதிவழி ஆனார். போதாததற்கு, பழைய முதலாளிமார் காலில் விழுந்து சாட்சிக்கு ஆள் பிடித்து வந்தவர் என்ற பேரும் சேர்ந்துகொண்டது.

பஸ் வரும்வரைக்கும் மாடசாமி என்னோடு நின்றார். பஸ் கண்ணில் பட்டதும் சொன்னார். “அன்னைக்குப் பொய் சொல்லும்போது கையக் கட்டிக்கிட்டு மூணு வார்த்தைல சொன்னீய. இன்னைக்கு நெசத்தச் சொல்லும்போது கூத்தாடுதீய. எவன் சார் நம்புவான்?”

நீ அந்தத் தண்ணீர் வண்டிக் கதையை மட்டும் ஏன் நம்பினாய் என்று யோசித்தேன் என்று சொன்னேன் அல்லவா, எனக்கு விடை கூமாப்பட்டி பஸ் நிறுத்தத்தில் கிடைத்தது. அலங்காரம் இல்லாமல் நான் சொன்ன ஒரே கதை அது. உனக்கு அறிவுரை என்று எழுத உட்கார்ந்தால் இதிலிருந்து ஒன்பது நீதிகளை உருட்டித் திரட்டி எடுக்க என்னால் முடியும், பத்தாவதைப் பாட்டாகவே பாடிவிடுவேன். வேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு மாசி மாதம் விமானம் ஏறப் போகிறவனுக்கு என் நீதிகள் சுமை. அதற்கு முன்னால் உன்னிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

நன்றிப் பக்கத்திலிருந்து அந்த இரண்டு வாக்கியத்தையும் எடுத்துவிடு. என் பெயரும் வேண்டாம், மாடசாமி பெயரும் வேண்டாம். அவரிடம் கேட்டேன், ‘புனாவுல அச்சடிச்சா கூமாப்பட்டிக்கு யாரு கொண்டாந்து படிக்கப் போறா’ என்றுவிட்டார். தை மாதக் கடைசி வெள்ளிக்கு முந்திய நாள் நீ ஊருக்கு வந்துவிடு. உன் புதிய முறை வேண்டியதில்லை, உறைய வைக்கிற சாமானெல்லாம் தூக்கி வர வேண்டாம். என் பழைய முறைக்கு வேண்டிய உப்பும் அமிலமும் கொஞ்சம் கொண்டுவா. ரப்பர் மூடி போட்ட இரண்டு கண்ணாடிக் குடுவை கொண்டுவா. நைட்ரஜனைப் பலூனில் அடைக்கலாம் என்று நீயே ஒருமுறை எழுதியிருக்கிறாய்; விசேஷ வீட்டில் பலூன் இருந்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. பேண்டேஜ் துணியை நான் வாங்கி வைக்கிறேன். தண்ணீரை மாடசாமி அவர் ஊர் ஓடையில் எல்லோரும் பார்க்க மொண்டு வரட்டும், இரண்டு குடுவைக்கும் அதே தண்ணீர்தான். வத்திராயிருப்புக்காரர்கள் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, பேசி முடிவதற்குள் துணி தயாராகிவிடும். என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய் என்று நீயே சொல். நீ நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாய், அது இந்த வேலைக்குப் பொருத்தம். ஒரு குடுவையை மாடசாமி கையில் கொடு, அவர் மூடியைத் தொடாமல் பார்த்துக்கொள்வார். மற்றதை என்னிடம் கொடு. நான் ஒரு வார்த்தை பேசாமல், அத்தனை பேர் பார்க்க, அதை ஆறு முறை திறந்து மூடுகிறேன்.